எலும்பு முறிவுப் பிரிவு வரை

விசாரணைக்கு நேரில் வரும்படி அவளுடைய அப்பாவுக்கு மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தபோது, அவர் இறந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. தபால்காரர் கையெழுத்துக் கேட்டார். பெறுநரே போட வேண்டும் என்றார். அவர் இல்லை என்று அம்மா சொன்னாள். எப்போது வருவார் என்று கேட்டார். அம்மா கதவைச் சாத்திவிட்டாள். தபால்காரர் கடிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனார்.

கடிதத்தில் இரண்டு குற்றச்சாட்டுகள் இருந்தன. ஒன்று, உதவி மேசைப் பணியாளரான அவர் குறிப்பிட்ட நாளில் காலை பத்து நாற்பதுக்கு இருக்கையில் இல்லாமல் கவனக்குறைவாக இருந்தது, அதனால் ஒரு நோயாளி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. இரண்டு, அது பற்றிப் பொய்யான விளக்கம் எழுதிக் கொடுத்தது.

மகள் உரக்கப் படித்தாள். முதலாவதைக் கேட்டபோது அம்மா தையலை நிறுத்தவில்லை. வீட்டிலும் அந்த மனிதர் இருக்கையில் இருந்ததில்லை. சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து எதிர்வீட்டில் குழாய் அடைத்துக்கொள்ளும், எழுந்து போய்விடுவார். இரண்டாவதைக் கேட்டதும், காஜா எடுத்துக்கொண்டிருந்த சட்டையை மடியிலிருந்து இறக்கி வைத்தாள்.

"பொய்னு எழுதியிருக்கான்."

"யாரோ எழுதியிருக்காங்க. விசாரணை இன்னும் முடியல."

"முப்பத்தஞ்சு வருஷம் குடும்பம் நடத்தினேன். அந்த மனுஷன் ஒரு பொய் சொல்லியிருந்தா நானே சந்தோஷப்பட்டிருப்பேன். சமையல் எப்படின்னு கேட்டா, மூஞ்சிக்கு நேரா உப்பு ஜாஸ்தின்னுவார். விருந்தாளி முன்னாடியே சொல்லுவார்." அம்மா ஊசியைச் சட்டைக் காலரில் குத்தி வைத்தாள். "நீதானே படிச்சவ. போய் அதை அடிக்கச் சொல்லு. முதல்ல எழுதினது இருந்துட்டுப் போகட்டும். ரெண்டாவது இருக்கக் கூடாது. அவர் பேர்ல கடைசியா எழுதின வார்த்தை அதுவா இருக்கக் கூடாது."

மகள் அளவுக் கருவிகளைச் சோதிக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தாள். தராசு, வெப்பமானி, அழுத்தமானி ஆகியவை சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்த்துச் சான்று கொடுப்பது அவள் வேலை. தப்பாகக் காட்டும் கருவியை அவள் உடனே ஒதுக்குவதில்லை. எவ்வளவு தப்பு, எப்போதும் அதே தப்பா என்று பார்ப்பாள். எப்போதும் ஒரே மாதிரி தப்பாகக் காட்டும் கருவியை நம்பலாம். சில நேரம் சரியாகவும் சில நேரம் தப்பாகவும் காட்டுவதுதான் ஆபத்து. அப்பாவை அவள் எந்த வகையில் சேர்த்திருந்தாள் என்று அதுவரை யோசித்ததில்லை. மூன்று நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தாள்.

பணியாளர் பிரிவு மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் இருந்தது. எழுத்தர் கடிதத்தை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார்.

"இதுக்கு அவரே வரணும்மா."

"அவர் இறந்துட்டார்."

"எங்களுக்குத் தகவல் வரலையே."

"நீங்க துக்கத்துக்கு வீட்டுக்கு வந்தீங்க சார். நாற்காலி பத்தலைன்னு வெளியே நின்னீங்க."

"அது நான் ஆளா வந்தது. ஆபீஸா வரல. ஆபீசுக்கு எழுத்துல வரணும்."

"யாரு எழுதணும்?"

"சம்பந்தப்பட்ட பணியாளர்." எழுத்தர் சற்று நிறுத்தினார். "இல்ல, அவரால முடியாதுல்ல. அப்போ குடும்பத்துல ஒருத்தர் எழுதலாம்."

"அன்னைக்குக் கிளம்பும்போது, எந்த உதவின்னாலும் கூச்சப்படாம கேளுங்கன்னு எங்கம்மாகிட்ட சொன்னீங்க."

"ஆமாம்மா. மனசாரச் சொன்னேன்."

"அப்பாவோட ஃபைலைப் பாக்கணும்."

"அது முடியாது. வேற ஏதாவது கேளுங்க."

அவள் நகராமல் நின்றாள். கருவி நிலைப்படும் வரை முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்பது அவளுக்குப் பழக்கம். நாலு நிமிடம் ஆனது. எழுத்தர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கொடுத்து, மரணத்தைத் தெரிவித்தும் கோப்பைப் பார்வையிட அனுமதி கோரியும் ஒரே விண்ணப்பமாக எழுதச் சொன்னார். நகல் எடுக்கக் கூடாது, குறிப்பு எழுதிக்கொள்ளலாம், நாளைக்கு மதியம் வாருங்கள் என்றார். குடும்பத்தில் யாரும் வந்து பேசாவிட்டால் இரண்டு குற்றச்சாட்டுகளும் நிரூபணமானதாக எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள் என்பதையும் அவர்தான் சொன்னார். அந்த வகையில் உதவி செய்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

கீழே இறங்கி வந்தபோது வரவேற்புக் கூடத்தில் அப்பாவின் மேசை தெரிந்தது. விசாரணை முடியும் வரை அந்த இடத்துக்கு வேறு ஆள் போடவில்லை. நாற்காலி காலி. மேசை மேல் நீல நிறப் பலகை. அதில் வெள்ளை எழுத்தில் ஆங்கிலத்தில், மே ஐ ஹெல்ப் யூ.

அந்தப் பலகையை அவளுக்குப் பத்தொன்பது வருடமாகத் தெரியும்.

அதற்கு முந்தைய பதினேழு வருடம் அப்பா அதே மருத்துவமனையில் லிஃப்ட் ஓட்டினார். அப்போது லிஃப்டை ஆள்தான் ஓட்ட வேண்டும். பித்தளைக் கைப்பிடி, இழுத்துச் சாத்தும் கம்பிக் கதவு, உட்கார ஒரு முக்காலி. முக்காலியில் அவர் உட்கார்ந்ததில்லை, ஏறுகிறவர்களில் யாருக்காவது கால் வலிக்கும் என்பார். லிஃப்டின் தரையும் மாடியின் தரையும் ஒன்றாகச் சேர நிறுத்துவதுதான் அந்த வேலையில் சாமர்த்தியம். அரை அங்குலம் ஏற இறங்க இருந்தாலும் கதவைத் திறக்க மாட்டார். மறுபடி ஏற்றி, இறக்கி, சரியாக நிறுத்துவார். உள்ளே பெரிய மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாலும் அப்படித்தான். லிஃப்டில் ஏறியவரிடம் மூன்றாவது மாடி இப்படிப் போனால் வரும் என்று யாரும் கை காட்டுவதில்லை. கொண்டுபோய் விடுவதுதான் வேலை. அப்பாவுக்குத் தெரிந்த ஒரே வேலை அது.

பிறகு பொத்தான் வைத்த லிஃப்ட் வந்தது. நிர்வாகம் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. வரவேற்புக் கூடத்தில் ஒரு சக்கர மேசையும் நாற்காலியும் கொடுத்து, அந்தப் பலகையை வைத்தது. லிஃப்ட்காரர் என்ற பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது.

பலகை வந்த அன்று சாயங்காலம், அதில் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்து ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கம் வரைந்து கொண்டுவந்தார். மகள் ஒன்பதாம் வகுப்பு. மறுநாள் கணக்குப் பரீட்சை.

"இன்ஜினியரம்மா, இதுல என்ன போட்டிருக்கு?"

"மே ஐ ஹெல்ப் யூ. நான் உங்களுக்கு உதவலாமான்னு அர்த்தம்."

"யாரு கேக்குறா?"

"நீங்கதான்."

"நான் எங்க கேட்டேன்?"

"உங்களுக்குப் பதிலா போர்டு கேக்குதுப்பா."

அவர் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். "உதவி பண்றதுக்கு எதுக்கு அனுமதி கேக்கணும்?"

"அது ஒரு மரியாதை. இங்கிலீஷ்ல அப்படித்தான். கடையில, பேங்க்ல எல்லாம் வெச்சிருப்பாங்க."

"சரி. வர்றவங்க ஆமான்னுட்டா?"

"உதவி பண்ணணும்."

"எது வரைக்கும்?"

"முடியுற வரைக்கும். அப்பா, நாளைக்குப் பரீட்சை."

"முடியுற வரைக்கும்," என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

பலகையில் இருந்த அந்த வாக்கியம் உலகத்தில் எப்படிப் புழங்குகிறது என்று பின்னால் அவள் நன்றாகவே தெரிந்துகொண்டாள். அவள் அலுவலகத் தொலைபேசியில் அதைச் சொல்லித்தான் எடுப்பார்கள். கருவி விற்கிற நிறுவனங்களின் மின்னஞ்சல்கள் அதில்தான் முடியும். எல்லா இடத்திலும் அதற்கு ஒரே அர்த்தம்தான். சொல்லு, ஆனால் சீக்கிரம் சொல்லு. சொல்லிவிட்டு வேறு ஜன்னலுக்குப் போ. அதை எழுதியிருக்கிறபடியே எடுத்துக்கொண்ட ஆள் அவளுக்குத் தெரிந்து ஒருவர்தான். அவருக்கு ஆங்கிலம் தெரியாது.

மறுநாள் மதியம் வந்தபோது, காவல் மேற்பார்வையாளர் அவளை அடையாளம் கண்டுகொண்டு வந்தார். கழுத்தில் விசில் தொங்கும் பெரிய உருவம். நாலு வருடம் முன்பு புது நிர்வாகத்தோடு வந்தவர். உதவி மேசையில் ஆள் இல்லை என்று மேலிருந்து கேட்கும்போதெல்லாம், அப்பாவைத் தேடிப் பிடித்து மெமோ கொடுக்க வேண்டியது இவர் பொறுப்பு.

"என் மேல கோவமா இருப்பீங்க."

"யார் மேல படுறதுன்னு இன்னும் முடிவு பண்ணல."

"நான் என்னம்மா பண்ணுவேன். மேல கேமராவுல பாக்குறாங்க. சீட் காலியா இருந்தா எனக்கு ஃபோன். இந்தக் கட்டடத்துல உங்கப்பாவைத் தேடி நான் நடந்த நடைக்கு எனக்குச் சுகர் இறங்கிருச்சு. நிஜமாத்தான் சொல்றேன், டாக்டரே கேட்டார் என்ன பண்றீங்கன்னு. இந்த ஆள் கையெழுத்துப் போட்டுட்டு, கொஞ்சம் இருங்க சார், இவங்களை விட்டுட்டு வந்துடறேன்னுவார். மெமோ கொடுக்கப் போன நான் அங்க அவருக்காக நிக்கணும்."

"கை காட்டி அனுப்பலாம்ல. சொல்லிப் பாக்கலையா நீங்க?"

"சொல்லாம இருப்பேனா? அம்பு போட்ட போர்டு இருக்குல்ல அண்ணே, அதைக் காட்டுங்கன்னேன். அந்த அம்பைப் பிடிச்சு நீங்களே ஒரு தடவை போய்ட்டு வாங்க, அப்புறம் பேசலாம்னார்."

"போனீங்களா?"

"போனேன்." மேற்பார்வையாளர் விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "எக்ஸ்ரேன்னு போட்ட அம்பு துணி துவைக்கிற இடத்துல கொண்டுபோய் விட்டுச்சு. பிரிவுகளை இடம் மாத்தினாங்க, போர்டை மாத்தல. அதையும் எழுதி மேல கொடுத்தேன். அதுக்கு யாரும் மெமோ கொடுக்கலையே."

அவருக்குப் பின்னால் மேசை தெரிந்தது. முன்சக்கரத்துக்கு அருகில் ஒரு மரக்கட்டை கிடந்தது. ஒரு பக்கம் செருப்பு உரசி உரசி வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. சக்கரத்தில் இருக்க வேண்டிய பூட்டு எப்போதோ உடைந்துபோயிருந்தது. போன வருடம் அப்பா ஒருநாள் தொலைபேசியில் கேட்டார், மேசை ஓடுகிறது, ஏதாவது பண்ண முடியுமா என்று. அவள் அலுவலகத்தில் இருந்தாள். மெயின்டெனன்ஸில் சொல்லுங்கள் அப்பா, அது அவர்கள் வேலை என்றாள். அவர் போய்ச் சொன்னார். எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தார். பிறகு ஒரு கட்டையைத் தேடிக் கொண்டுவந்து, உட்காரும்போது காலால் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டார். எழுந்து போனால் கட்டை நழுவிவிடும். அதுவும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு திருகு, ஒரு பூட்டு. அவளுடைய வேலைப் பையிலேயே இருந்தவை. பத்து நிமிட வேலை.

அப்படித்தான் கடிதத்தில் இருந்த அந்த நோயாளி அம்மாள் விழுந்தாள். கண் காட்ட வந்தவள். மேசைக்கு வந்து, ஆள் இல்லையே என்று அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள், மேசை ஓடிவிட்டது. அவளுடைய மருமகன் புகார் எழுதினார். அன்று மாலையே அப்பாவை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். ஐந்து வாரம் வீட்டில் இருந்தார். ஆறாவது வாரம் ஒரு காலை, செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். எங்கே என்று அம்மா கேட்டதற்கு, சும்மா, தெருமுனை வரைக்கும் என்றார். வாசல்படியில் அப்படியே உட்கார்ந்தவர் பிறகு எழவில்லை. செருப்பு ஒரு காலில்தான் ஏறியிருந்தது.

கோப்பு அவள் நினைத்ததைவிடத் தடிமனாக இருந்தது. எழுத்தர் எதிரில் உட்கார்ந்துகொண்டு அவள் கையையே பார்த்தார். மொத்தம் நாற்பத்தெட்டு மெமோக்கள். எல்லாம் ஒரே அச்சுப் படிவம். நாள், நேரம், பணியாளர் கண்டறியப்பட்ட இடம், இருக்கையில் இல்லாததற்குப் பணியாளரின் விளக்கம், கையொப்பம். இடத்தை மேற்பார்வையாளர் நிரப்பியிருந்தார். விளக்கம் அப்பாவின் கையெழுத்து. பெரிய பெரிய எழுத்து, ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும்.

முதல் மெமோ. கண்டறியப்பட்ட இடம்: இரண்டாம் மாடிப் படிக்கட்டு. விளக்கம்: கண் பிரிவு வரை.

இரண்டாவது. கண்டறியப்பட்ட இடம்: மருந்தகம் எதிரில். விளக்கம்: எக்ஸ்ரே வரை.

மூன்றாவது. கண்டறியப்பட்ட இடம்: கழிப்பறை வாசல், சக்கர நாற்காலியுடன். விளக்கம்: ரத்தப் பரிசோதனை, பிறகு பேருந்து நிறுத்தம் வரை.

அவளுக்கு எரிச்சல் வந்தது. ஏன் இருக்கையில் இல்லை என்று கேட்டால், ஒரு நோயாளிக்கு வழி தெரியவில்லை, கூட்டிப்போனேன் என்று ஒரு வரி எழுதினால் என்ன? நாலு வருடம், நாற்பத்தெட்டு தடவை, ஒரு வரி. கேட்ட கேள்வியை வாசிக்கவே இல்லையா இந்த மனிதர்? அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். தினமும் செய்தித்தாளை விளம்பரம் விடாமல் படிப்பார்.

பதினோராவது மெமோவில்தான் பேனாவைக் கீழே வைத்தாள். எது வரைக்கும் என்று அவர் ஒருமுறை கேட்டார். அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் வரையில் அந்தக் கட்டத்தில் எழுத வேண்டியது அதுதான்.

"முடிஞ்சுதாம்மா?" என்றார் எழுத்தர்.

"இல்ல."

நாற்பத்தெட்டையும் நோட்டில் அட்டவணையாகப் போட்டாள். கடைசி மெமோவில் கண்டறியப்பட்ட இடம் என்ற கட்டத்தில் 'தேடப்படவில்லை' என்று இருந்தது. விளக்கம்: எலும்பு முறிவுப் பிரிவு வரை. அதற்கடியில் வேறு ஒருவரின் பச்சை மையில் ஒரு குறிப்பு. எலும்பு முறிவுப் பிரிவில் விசாரிக்கப்பட்டது, பத்து நாற்பதுக்கு இவர் அங்கு வரவில்லை என உறுதி செய்யப்பட்டது, விளக்கம் பொய்.

மற்ற நாற்பத்தேழில், ஆள் பிடிபட்ட இடமும் அவர் எழுதிய இடமும் ஒத்துப்போனவை ஆறுதான். நாற்பத்தொன்றில் இரண்டும் வேறு வேறு.

அங்கிருந்து நேராக எலும்பு முறிவுப் பிரிவுக்குக் கிளம்பினாள். அம்பைப் பார்த்துப் போனாள். ஒரு சுவர் வந்தது. திரும்பி வந்து, துடைப்பத்தோடு போன ஒருவரைக் கேட்டாள். நேராகப் போய் வலது என்றார். பிறந்த குழந்தைகள் பிரிவு வந்தது. இருபத்திரண்டு நிமிடம் கழித்து, வியர்த்துப்போய், எலும்பு முறிவுப் பிரிவின் செவிலியர் முன் நின்றாள். லிஃப்ட்காரர் மகள் என்று சொன்னதும் செவிலியர் பதிவேட்டை எடுத்துவிட்டார்.

"இதோ. மணிக்கட்டு முறிவு. பதினொன்னு இருபது. கூட்டிட்டு வந்தவர், லிஃப்ட்காரர். எங்க ரெஜிஸ்டர்ல பாதிப் பேருக்கு அதே பேர்தான் இருக்கும், சொந்தக்காரங்கன்னு நெனச்சுக்கிட்டு புதுசா வர்ற டாக்டர் அவர்கிட்ட மருந்துச் சீட்டைக் கொடுப்பார்."

"பத்து நாப்பதுக்கு இங்க இருந்தாரா?"

"அதை ஆபீஸ்ல இருந்து கேட்டாங்க. இல்லைன்னேன். அப்ப இல்லதானே. அந்தம்மா அப்பத்தானே விழுந்தாங்க."

"பதினொன்னு இருபதைப் பத்தி?"

"அதை யாரும் கேக்கல." செவிலியர் பதிவேட்டை மூடவில்லை. "கட்டு போட்டு முடியுற வரைக்கும் நின்னார். அந்தம்மா வலியில அவர் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு விடல. பித்தான் ஒண்ணு பிஞ்சு போச்சு. போங்க அண்ணே, உங்களைத் தேடப்போறாங்கன்னு நான்தான் விரட்டினேன்."

அந்தச் சட்டையை அம்மா தைத்து, துவைத்து, பெட்டியில் வைத்திருந்தாள். பித்தான் மட்டும் வேறு நிறம். பதிவேட்டின் வரியை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுத் தர முடியுமா என்று மகள் கேட்டாள். செவிலியர் கொடுத்தார். முத்திரையும் குத்தினார். கேட்டவுடன் நடந்த முதல் காரியம்.

விசாரணை மறுநாள் காலை. தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண். கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார். எழுத்தர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினார்.

"பத்து நாப்பதுக்கு உங்கப்பா சீட்ல இருந்தாரா?"

"இல்ல."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். வாதாடுவாள் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். "எங்க இருந்தார்?"

"தெரியல. யாரையோ எங்கயோ கூட்டிட்டுப் போயிருப்பார். யாருன்னு தெரியாது. அவர் பேர் கேக்க மாட்டார்."

"எலும்பு முறிவுப் பிரிவுன்னு எழுதியிருக்கார். அங்க இல்லைன்னு சொல்லிட்டாங்க. அதுக்கு என்ன சொல்றீங்க?"

மகள் நோட்டைத் திருப்பி மேசை மேல் வைத்தாள். "அதுக்கு முன்னாடி வந்த நாப்பத்தேழு மெமோ இது. மூணாவது கட்டம் அவரைப் பிடிச்ச இடம். நாலாவது அவர் எழுதினது. ரெண்டையும் பாருங்க. படிக்கட்டுல பிடிக்கிறாங்க, கண் பிரிவுன்னு எழுதுறார். மருந்தகத்துல பிடிக்கிறாங்க, எக்ஸ்ரேன்னு எழுதுறார். நாப்பத்தொரு தடவை இப்படி. அதுல ஒண்ணையாவது பொய்னு யாராவது எழுதினாங்களா?"

"அந்தக் கட்டத்துல, ஏன் சீட்ல இல்லைன்னுதான் எழுதணும்."

"ஆமா. அவர் ஒரு நாள்கூட அதை எழுதல. அன்னைக்கு ஒருத்தரை எது வரைக்கும் கொண்டுபோய் விட்டார்ங்கறதை மட்டும் எழுதியிருக்கார். கடைசி நாளும் அதையேதான் எழுதினார். விழுந்த அம்மாவை எலும்பு முறிவுப் பிரிவு வரைக்கும் கொண்டுபோய் விட்டார். பதினொன்னு இருபது. இது அங்க இருக்குற ரெஜிஸ்டர்."

அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செவிலியரின் தாளைப் படித்தார். அட்டவணையை மேலிருந்து கீழே விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். அதற்கு நேரம் ஆனது. எழுத்தர் பேனாவை மூடி மூடித் திறந்தார்.

"இது தப்பான பதில்," என்றார் கடைசியில்.

"தப்பான பதில்தான். நாப்பத்தெட்டு தடவையும் ஒரே மாதிரித் தப்பு. பொய் அப்படி வராது மேடம். பொய் சொல்றவர் ஒவ்வொரு தடவையும் கேள்விக்குத் தகுந்த மாதிரி சொல்லுவார்."

"எதுக்காக இப்படி எழுதினார்?"

மகள் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "ஒரு தடவை எங்கிட்ட ஒண்ணு கேட்டார். நான் படிச்சுட்டு இருந்தேன். வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிட்டேன். அதையே பிடிச்சுக்கிட்டார்."

அதிகாரி அதை எழுதச் சொல்லவில்லை. ஒரு அளவுகோலை எடுத்து இரண்டாவது குற்றச்சாட்டின் மேல் வைத்து நேராக ஒரு கோடு போட்டார். ஓரத்தில் சுருக்கொப்பமிட்டார். கோப்பைச் சாய்த்து அவளுக்குக் காட்டினார்.

"முதல் குற்றச்சாட்டு இருக்கும். சீட்ல இல்லங்கறதை நீங்களே ஒத்துக்கிட்டீங்க."

"இருக்கட்டும். மேசைச் சக்கரத்துல பூட்டு இல்ல. அவர் எழுதிக் கொடுத்திருக்கார். அதையும் பாருங்க."

"அது வேற ஃபைல்." அதிகாரி அதைத் துண்டுத்தாளில் குறித்துக்கொண்டார். பிறகு, எல்லோரிடமும் சொல்லிப் பழகிய குரலில், "வேற ஏதாவது உதவி வேணுமா?" என்றார்.

"வெளியே எப்படிப் போகணும்?"

அதிகாரி பேனாவால் காட்டினார். "இடது பக்கம் போய், ரெண்டாவது வலது."

இடது பக்கம் போய் இரண்டாவது வலதில் திரும்பினாள். நீளமான தாழ்வாரம், பூட்டிய கதவு. வந்த வழியே திரும்பினாள். 'வெளியே' என்று அம்பு போட்ட பலகை ஒன்று கிடைத்தது. அதன்படி படி இறங்கி, பழைய லிஃப்டின் அடைத்த வாயிலைத் தாண்டி, மறுபடி ஒரு அம்பைப் பார்த்துத் திரும்பினாள். கூட்டம், குழந்தை அழுகை, மருந்து வாடை. வரவேற்புக் கூடத்துக்கு ஏதோ ஒரு பக்கவாட்டு வழியாக வந்து சேர்ந்திருந்தாள். இத்தனை நாள் நுழைந்த பெரிய வாசலை எங்கே என்று தேடினாள். மூன்று பக்கமும் ஒரே மாதிரிக் கண்ணாடிக் கதவு. எதிரில் அந்த மேசை. பலகை. காலி நாற்காலி.

ஒரு ஆள் இருக்கக் கூடாதா இங்கே என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. கேட்க வேண்டும் என்று வரும்போது பார்த்துத்தான் காணாமல் போக வேண்டுமா? பலகையை மட்டும் வைத்துவிட்டு.

"வழி கேக்கணுமாம்மா?" பக்கத்து பெஞ்சில் இருந்த பெண் கேட்டாள். பாதத்தில் பெரிய கட்டு, மடியில் மருந்துப் பை.

"ஆமா."

"இருங்க, வந்துடுவார். யாரையாவது கூட்டிட்டுப் போயிருப்பார். நான் மூணு மாசம் கழிச்சு இன்னைக்குத்தான் வர்றேன், அப்பவும் இப்படித்தான். அந்த மனுஷன் சீட்ல உக்காந்து நான் பாத்ததே இல்ல."

மகள் அவளைப் பார்த்தாள். சொல்லிவிடலாம். சொல்ல ஒரு வாக்கியம் போதும். "எவ்வளவு நேரம் ஆகும்?" என்றுதான் கேட்டாள்.

"அது, கூடப் போன ஆள் எங்க போகணும்ங்கறதைப் பொறுத்தது. ஆனா வந்துடுவார்."

தொலைபேசி அடித்தது. அம்மா.

"என்ன ஆச்சு?"

"ரெண்டாவதை அடிச்சுட்டாங்க. பொய் இல்ல."

அந்தப் பக்கம் தையல் இயந்திரச் சத்தம் நின்றது. "முதல்லது?"

"இருக்கு. சீட்ல இல்லன்னு."

"அது உண்மைதானே," என்றாள் அம்மா. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "நீ எங்க இருக்க?"

"அப்பா டேபிள்கிட்ட."

"அங்க என்ன பண்ற?"

"வழி தெரியல. நிக்கிறேன்."

மேசை விளிம்பைப் பிடித்திருந்தாள். அது மெதுவாக நகர்ந்தது. காலால் துழாவி, கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் தள்ளினாள். தேய்ந்த பக்கம் செருப்புக்குச் சரியாகப் பொருந்தியது. காலை எடுத்தால் மறுபடி ஓடும். எடுக்காமல் நின்றாள்.